கேமரா கேள்வி பதில்: சாரலுக்கும் மின்னலுக்கும் ஒரே கேமரா

கேள்வி: ஒகேனக்கல் பரிசல் பயணம், மழைக்கால ஊர்சுற்றல், கோடை மழையில் மொட்டை மாடியிலிருந்து மின்னல். மூன்றுக்கும் சேர்த்து ஒரு சின்ன வாட்டர்ப்ரூஃப் கேமரா வாங்க வேண்டும். கடையில் எத்தனை மீட்டர் ஆழம் தாங்கும் என்று மட்டுமே சொல்கிறார்கள். வேறு எதைப் பார்ப்பது?
வாசகர், பென்னாகரம்

பதில்: உங்கள் தேவைக்கு ஆழம் இரண்டாம்பட்சம். 10 மீட்டரே தாராளம். மின்னல்தான் தேர்வைத் தீர்மானிக்கிறது. வெளிச்சத்தைக் கண்டபின் பட்டனை அழுத்தினால் மின்னல் போயிருக்கும். ஷட்டர் ஏற்கெனவே திறந்திருக்க வேண்டும். ஓஎம் சிஸ்டம் டிஜி-7இலும் அதற்கு முந்தைய ஒலிம்பஸ் டிஜி-6இலும் ‘லைவ் காம்போசிட்’ வசதி உண்டு. முதல் படத்தின் மேல் புதிதாகத் தோன்றும் வெளிச்சத்தை மட்டும் சேர்த்துக்கொண்டே போகும். தெருவிளக்கு வெளுத்துப் போகாது, நான்கைந்து மின்னல் ஒரே படத்தில் விழும். இரண்டுமே 15 மீட்டர் தாங்கும், 4 மடங்கு ஜூம், பிறகு திருத்த வசதியான, பதப்படுத்தாத ‘ரா’ கோப்பும் கிடைக்கும். குறை, வெளிச்சத்தை வாங்கும் சென்சார் சிறியது: 1/2.3 அங்குலம். ஒளி உணர்திறன் அளவான ஐஎஸ்ஓ 800ஐத் தாண்டினால் படத்தில் புள்ளி தட்டும். ஆக்‌ஷன் கேமரா பரிசலுக்கு அருமை. ஆனால் அகலக் கோணம் என்பதால் தூரத்து மின்னல் நூலாகத்தான் தெரியும்.

மொட்டை மாடி மட்டும் வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். 3 விநாடிக்கு 1 கிலோமீட்டர். 30 விநாடிக்குள் இடி கேட்டால் உள்ளே வந்துவிடுங்கள். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் வெளியே போகாதீர்கள். அறை விளக்கை அணைத்து, ட்ரைபாடில் வைத்த கேமராவின் லென்ஸை ஜன்னல் கண்ணாடிக்கு ஒட்டினாற்போல் நிறுத்தி, 2 விநாடி டைமரில் எடுங்கள். கம்பிக் கிராதியைத் தொடாதீர்கள்.

பழைய கேமரா வாங்கினால் பேட்டரி, கார்டு மூடிகளைத் திறந்து வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பைச் சுற்றி ரப்பர் பட்டை இருக்கும். ஒரு தலைமுடி, ஒரு மணல் துணுக்கு அதில் படிந்தாலும் தண்ணீருக்கு அதுவே வாசல். பேட்டரி, கார்டை எடுத்துவிட்டு உள்ளே டிஷ்யூ காகிதத் துண்டு வைத்து மூடி, வாளித் தண்ணீரில் 10 நிமிடம் அமிழ்த்துங்கள். குமிழி தொடர்ந்து வந்தாலோ காகிதம் நனைந்தாலோ வாங்காதீர்கள். புதிதானாலும் ரப்பரை ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸில் மாற்ற வேண்டும். இந்தக் கேமராக்கள் தண்ணீரில் மூழ்கிவிடும். பரிசலில் ஏறுமுன் மிதக்கும் கைப்பட்டை மாட்டுங்கள்.

கேள்வி: வெயிலில் நின்ற காரிலிருந்து எடுத்துப்போய் கிருஷ்ணகிரி அணைத் தண்ணீரில் முக்கியதும் லென்ஸுக்குள் மூடுபனி போல் படிந்தது. கேமரா கெட்டுவிட்டதா?
வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: பெரும்பாலும் இல்லை. உள்ளே அடைபட்ட காற்றின் ஈரம், கண்ணாடி சட்டென்று குளிர்ந்ததும் படிந்திருக்கிறது. சிறிது நேரத்தில் தானே மறைந்தால் கவலை வேண்டாம். துளியாகவோ, காய்ந்த கறையாகவோ தெரிந்தால் அது கசிவு. உடனே அணைத்து, வெளியே துடைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு சர்வீஸுக்குக் கொடுங்கள்.

மறுபடி வராமலிருக்க, ஈரமில்லாத அறையில் மூடிகளைத் திறந்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். ஹேர் டிரையர், வெயில் இரண்டும் கூடாது, ரப்பர் நெளிந்துவிடும். அணையிலோ ஆற்றிலோ நனைந்தபின், திறக்கும் முன் நல்ல தண்ணீரில் அலசி மணலைப் போக்கி, மூடியோரம் முழுக்கத் துடையுங்கள். அவசரத்தில் ஈரக்கையோடு திறப்பதால்தான் பல கேமராக்கள் கரையில் வந்து கெடுகின்றன.

கேள்வி: மழையில் எடுத்த படமெல்லாம் வெள்ளை வட்டங்கள். ஏன்?
வாசகர், பாலக்கோடு

பதில்: ஃபிளாஷை அணையுங்கள், அருகிலுள்ள துளிகள் அந்த வெளிச்சத்தைத் திருப்பியடிக்கின்றன. ஷட்டர் வேகம், மழைக்கோடு தெரிய 1/60 விநாடி, துளி உறைந்து நிற்க 1/500. பின்னால் புளியமரம் போல இருண்ட ஏதாவது இருக்கட்டும். வெளுத்த வானத்தின் முன் மழை தெரியாது. லென்ஸ் துடைக்க மைக்ரோஃபைபர் துணி இரண்டு, ஜிப் பையில்.