லண்டன் மதிலோரம்: கேள்வி பதில்

கே: டவர் ஹில்லில் நிற்கும் மதில் முழுக்க ரோமர் கட்டியதுதானே?

ப: இல்லை. மொத்த உயரம் சுமார் 10.6 மீட்டர். அதில் கீழே 4.4 மீட்டர் வரைதான் ரோமர் வேலை, நடுநடுவே தட்டையான சிவப்புச் செங்கல் வரிசை ஓடும். மேலே உள்ளது இடைக்காலத்தில் ஏற்றியது. உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள், அடியைப் பாருங்கள்.

கே: மதிலுக்கு வெளியே எலும்பில் செய்த சறுக்குக்கட்டை கிடைத்ததாமே அண்ணா?

ப: கிடைத்தது. கதை மதிலில்தான் தொடங்குகிறது. கி.பி. 200ஆம் ஆண்டை ஒட்டி மதில் எழுந்தபோது, வால்புரூக் ஓடை உள்ளே வர அடியில் மதகு விட்டார்கள். பிற்பாடு தூர்வார ஆளில்லை. அடைபட்ட தண்ணீர் வடக்கே தேங்கிச் சதுப்பானது, அதுதான் மூர்ஃபீல்ட்ஸ். குளிரில் அது உறைந்ததும் இளைஞர்கள் விலங்கு எலும்பைக் காலில் கட்டி, இரும்பு முனைக் கோலால் உந்திப் பறந்ததை 12ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஃபிட்ஸ்டீபன் எழுதியிருக்கிறார். தோண்டியபோது அந்த எலும்புகளே வந்தன, ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்து.

கே: தோண்டும்போது ரோமர் கால மண் அடுக்குக்கு மேலே கறுப்பு மண் இருக்கிறதே, நகரை எரித்த சாம்பல்தானே?

ப: சாம்பல் அல்ல. மக்கிய மரவீடுகள், கரைந்த மண்சுவர், குப்பை, சாணம், அடுப்புக்கரி, எல்லாவற்றையும் மண்புழு கிளறிக் கலந்தது. சில இடங்களில் ரோமர் இருந்த காலத்திலேயே அது சேரத் தொடங்கிவிட்டது.

கே: (அதே நண்பர்) கறுப்பு என்றால் எரிந்ததுதானே ஐயா? அறிவியல் இதுகூடச் சொல்லாதா?

ப: சொல்கிறது, நேர்மாறாக. ரோமரை எதிர்த்தெழுந்த பிரிட்டன் அரசி பூடிக்கா கி.பி. 60-61இல் நிஜமாகவே இந்த ஊரைக் கொளுத்தினாள். அந்த அடுக்கு சிவப்பு! மண்சுவர் வெந்தால் அப்படித்தான் ஆகும்.

கே: (இன்னொருவர்) அவர் கேட்பது நியாயம்தான். ரோமர் போன பிறகு நகரம் காலியாகக் கிடந்ததா, இல்லையா?

ப: மதிலுக்குள் பெரும்பாலும் காலி. ரோமருக்குப் பின் வந்த சாக்சன் மக்களின் ஊர் மேற்கே கோவென்ட் கார்டன் பக்கம் இருந்தது. சாக்சன் அரசர் ஆல்ஃபிரட் 886இல் மதிலுக்குள் திரும்பக் குடியேற்றினார். ஆள் குறைந்தது வேறு, எரித்தது வேறு. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

கே: செயின்ட் ஆல்ஃபேஜ் தோட்டத்து மதில் முழுக்க ரோமர்தானே?

ப: மறுபடியுமா? அடியைப் பாருங்கள். உச்சியில் உள்ள செங்கல் 1477இல் வைத்தது.

கே: அங்கே மெட்டல் டிடெக்டர் கொண்டுபோகலாமா?

ப: கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னம், அனுமதியில்லாமல் அங்கே அதைப் பயன்படுத்துவதே குற்றம்.