வீட்டுக்குள் இரண்டு நோட்டு

கேள்வி: அக்கா, எனக்குத் தங்கச்சிமடம். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். கடன் வாங்கிப் போன வருடம் மாடி வீடு கட்டினோம். சாமியார் வந்து மந்திரித்தார், திருஇருதயப் படம் வைத்திருக்கிறோம், ராத்திரி ஜெபமாலையும் தவறுவதில்லை. அவர் கடலில் இருந்தால் மனசு கிடந்து தவிக்கிறது, மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் இருந்தால் தினமும் சண்டை. ஓலை வீட்டில் இப்படி இல்லை. வீடு வீடாக இருக்க இன்னும் என்னதான் செய்யணும்?

பதில்: தங்கச்சி, சாமியார், படம், ஜெபமாலை எல்லாம் எழுதினாய், சண்டை எதைப் பற்றி என்று மட்டும் எழுதவில்லை. பணம்தானே? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நிற்கும், வட்டி மட்டும் நிற்காது. கடலுக்குப் போன மனுஷன் வேலையில்லாமல் உட்கார்ந்தால் அடுப்படி டப்பாவையெல்லாம் திறந்து பார்ப்பான். என் வீட்டுக்காரர் மிளகாய்ப்பொடி எவ்வளவு செலவாகிறது என்று கேட்டவர், அதனால் சொல்கிறேன்.

உன் கல்யாணப் பூசையில் பைபிளில் அன்பைப் பற்றி வரும் 1 கொரிந்தியர் 13 வாசித்திருப்பார்கள். புனித பவுல் அதைக் கல்யாணத்துக்காக எழுதவில்லை, ஆளுக்கொரு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்ட கொரிந்து சபைக்கு எழுதினார். 5-ஆம் வசனத்தில் அன்பு ‘தீங்கு நினையாது’ என்று வருகிறதே, அந்த இடத்தில் அவர் எழுதிய கிரேக்க மொழியில் இருப்பது கணக்கில் ஏற்றுவதற்கு வியாபாரிகள் சொல்லும் சொல். அதாவது அன்பு அடுத்தவர் செய்த தப்பை நோட்டில் ஏற்றி வைக்காது. டீசலும் ஐஸும் கழித்துப் பங்கு பிரிக்கிற ஊரில் பிறந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டில் இரண்டு நோட்டு ஓடுகிறது என்று நினைக்கிறேன். ஒன்று கடன் நோட்டு, அதைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமை ராத்திரி ஜெபமாலைக்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள், மற்ற ஆறு நாளும் அந்தப் பேச்சே எடுக்காதீர்கள். இன்னொன்று, உன் தம்பிக்குக் கொடுத்தது, அவர் அம்மா உன்னைச் சொன்னது, மாடி எடுக்க வேண்டாம் என்று நீ சொல்லியும் அவர் எடுத்தது, இதெல்லாம் ஏறியிருக்கிற நோட்டு. அதில் இன்று முதல் எதையும் எழுதாதே. பழையதை அழிக்க நாளாகும், பரவாயில்லை. ‘பொழுது சாய்வதற்குள் உங்கள் சினம் தணியட்டும்’ என்று எபேசியர் 4:26-ல் பவுலே நேரமும் குறித்துக் கொடுத்திருக்கிறார், ஜெபமாலை முடிந்ததும் ஆளுக்கொரு அறைக்குப் போய்ப் படுத்தால் எப்படித் தணியும்? ஓலை வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக இன்னொரு அறை இல்லை, அதையும் யோசித்துப் பார்.

ஒன்று மட்டும். அவர் கை நீட்டுகிறவர் என்றால் நான் மேலே சொன்ன எதுவும் உனக்கு இல்லை. அடியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி பவுல் அதை எழுதவில்லை. பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய், அம்மா வீட்டுக்கும் சொல்.

கேள்வி: மண்டபத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். சொந்த வீடு இல்லாமல் மந்திரிக்கக் கூப்பிடலாமா?

பதில்: தாராளமாக. பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்று சாமியார் கேட்கமாட்டார், குடியிருக்கிறவர்களுக்குத்தான் ஆசீர். சாம்பிராணி போடுவதாக இருந்தால் வீட்டுக்காரம்மாவிடம் ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லிவிடுங்கள், புகையைப் பார்த்துப் பதறி ஓடி வரப்போகிறார்.