அரை மணி நேரத்தில் அணைந்துபோகும் கம்ப்யூட்டர்: மதர்போர்டு மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டு டெஸ்க்டாப் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. வெயில் ஆரம்பித்ததிலிருந்து, போட்ட அரை மணி நேரத்தில் பட்டென்று அணைந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் ஆறவிட்டால் மறுபடி வருகிறது. கடையில் காட்டியதற்கு, திறந்துகூடப் பார்க்காமல், "மதர்போர்டு போயிடுச்சு, 8,500 ஆகும், பேசாம புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: பணத்தை இப்போது எடுக்காதீர்கள். ஆறவிட்டதும் மறுபடி வருகிறது என்கிறீர்களே, அதுவே பெரிய தடயம். கம்ப்யூட்டரின் மூளை ப்ராசஸர். இன்டெல் ப்ராசஸர்கள் பெரும்பாலும் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு ஏறினால், கருகிவிடாமல் இருக்கத் தானே அணைந்துவிடும்.

முதலில் முக்கியமான ஃபைல்களை பென் டிரைவில் எடுத்து வையுங்கள். அப்புறம் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸ் என்கிற அடிப்படை செட்டிங் திரைக்குள் போனால், சிபியூ, அதாவது ப்ராசஸரின் சூடு எவ்வளவு என்று அங்கே தெரியும். ஐந்து, பத்து நிமிடம் பாருங்கள். ஒரு வேலையும் ஓடாத நிலையிலேயே 80, 90 என்று ஏறிக்கொண்டே போனால் கோளாறு குளிரூட்டும் பக்கம்தான்.

மெயின் சுவிட்சை அணைத்து, வயரைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்துத் தகடைக் கழற்றுங்கள். ஃபேன் இறக்கை சுத்தமாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள். அதற்குக் கீழே, ப்ராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவில்தான் தூசி கம்பளித் துணி மாதிரி படிந்து காற்றை அடைத்திருக்கும். உங்கள் ஊரில் கடல்காற்றின் ஈரமும் உப்பும் சேர்வதால் அது வறண்ட தூசிபோல உதிராது, ஒட்டிக்கொள்ளும். பழைய பெயின்ட் பிரஷால் தளர்த்திவிட்டு பிளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஈரத்துணி கூடவே கூடாது.

இன்டெல்லோடு வரும் ஃபேன் என்றால் நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் பின் இருக்கும். அதில் ஒன்று கழன்றிருந்தாலே ஹீட்சிங் ப்ராசஸரில் சரியாகப் படியாது. ஆறு வருடத்தில், இரண்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்திருக்கும். பழையதைத் துடைத்துப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும். பழக்கமில்லை என்றால் இந்த வேலைக்கு மட்டும் வேறொரு கடையில் கொடுங்கள். பேஸ்ட்டும் கூலியும் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான் ஆகும்.

கம்ப்யூட்டர் மேஜையின் மூடிய அறைக்குள் பெட்டியை வைத்திருந்தால், சுத்தம் செய்த பிறகும் சூடாகும். வெளியே எடுத்து, பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

பயாஸில் சூடு 45, 50-லேயே நின்றும் அணைகிறதா? அப்போது சந்தேகம், கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மேல். வேறொரு எஸ்எம்பிஎஸ் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மதர்போர்டு பேச்சு அதற்கு அப்புறம்தான்.

திறந்து பார்க்காமலே விலை சொன்ன கடையில் எனக்கு நம்பிக்கையில்லை. எங்கே கொடுத்தாலும், என்ன கோளாறு, எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள். மாற்றாத பாகத்துக்குப் பணம் வாங்கினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். கடைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அதற்குக் கட்டணம் இல்லை.