லேத் இருக்கு, விமானம் கட்டலாமா?

கேள்வி: கோவையில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வெல்டிங்கும் தெரியும். நீங்கள் விமானப் பராமரிப்பில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன் ஐயா. பட்டறையிலேயே இரண்டு பேர் உட்காரும் விமானம் கட்ட முடியுமா?
(கணபதி வாசகர்)

பதில்: கட்டலாம் தம்பி. ஆனால் அலுமினிய கிட் (பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக் கட்டும் விமானம்) என்றால் உங்கள் லேத்துக்கு அதில் அதிகம் வேலை இருக்காது. வெல்டிங்குக்கும் அப்படித்தான். எல்லாம் ஓட்டையும் ரிவெட்டும்தான், அதாவது தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணி.

மகளைப் பார்க்க ஓஹையோ போயிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் கார் ஷெட்டில் ஆர்.வி. என்ற ரக விமான கிட் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். சனி, ஞாயிறு மட்டும் வேலை. நாலாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. முப்பது வருஷம் ஜெட் என்ஜினைப் பிரித்து மாட்டிய எனக்கு அவர் கொடுத்த வேலை, இறக்கைக்குள் கையை விட்டு ஓர் இரும்புக் கட்டியைப் பிடித்துக்கொள்வது! வெளியே அவர் காற்றுத் துப்பாக்கியால் ரிவெட்டின் தலையைத் தட்டுவார். உள்ளே அதன் வால் கட்டியில் மோதி நசுங்கும். நசுங்கிய வால், ரிவெட் தடிமனைப் போல ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருக்க வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கில்.

இரண்டாம் நாள் என் கை சாய்ந்து ஒரு ரிவெட் கோணலாகிவிட்டது. ரிவெட்டே இரண்டரை மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லை. அவசரமாக டிரில் போட்டு எடுத்தேன். ஓட்டை முட்டை வடிவமாகிவிட்டது. மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு டப்பாவிலிருந்து உடம்பு மட்டும் பருத்த, தலை பழைய அளவிலேயே இருக்கிற ரிவெட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே ‘ஊப்ஸ் ரிவெட்’, நம் ஊர்ப் பேச்சில் ‘அடடா ரிவெட்’. என்னைப் போன்றவர்களுக்காகவே செய்தது.

அதனால் கிட்டுக்குப் பணம் கட்டுமுன் துண்டுத் தகடு வாங்கி நூறு ரிவெட் அடியுங்கள். அதில் இருபதை, ஓட்டை கெடாமல் எடுத்தும் பாருங்கள். எடுக்கத் தெரிந்தால் பிறகு கிட்டைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: கட்டியதும் பறக்க விடுவார்களா?
(திருச்சி வாசகர்)

பதில்: அமெரிக்காவில் பாதிக்கு மேற்பட்ட வேலையைப் பொழுதுபோக்காகவோ கற்பதற்காகவோ நீங்களே செய்திருக்க வேண்டும். அப்புறம் பயணி ஏற்றாமல் 25 அல்லது 40 மணி நேரச் சோதனைப் பறப்பு. நம் நாட்டில் இது லேசில்லை. மும்பையில் வீட்டு மொட்டை மாடியில் ஆறு பேர் அமரும் விமானம் கட்டிய விமானி அமோல் யாதவ், 2016-ல் அதைக் கண்காட்சியில் வைத்தார். பதிவு கிடைத்தது 2017-ல்.

கேள்வி: சென்னையில் யாரும் கட்டியதில்லையா?
(மயிலாப்பூர் வாசகி)

பதில்: கட்டினாரே அம்மா, 1910-லேயே. மவுண்ட் ரோடு ஓட்டல்காரர் டி ஏஞ்ஜெலிஸ். பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தீவுத்திடலில் ஊருக்குக் காட்டினார். கட்டிக் கொடுத்தது சிம்ப்சன் கம்பெனி, அதாவது குதிரைக் கோச்சு செய்த அதே பட்டறை.