பவளத் தொட்டிக்கு வீட்டு ரியூப் லைட் போதுமா?

நாலடி நீளம், 20 அங்குல ஆழத் தொட்டிக்கு ஹாட்வெயர் கடை வெள்ளை ரியூப் நாலு போட்டால் பவளம் வளராதா என்று கேட்டிருக்கிறீர்கள். இடம் திருகோணமலை என்பதால் வெக்கையையும் சேர்த்தே சொல்கிறேன்.

6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை ஒன்றும் நஞ்சில்லை. வீட்டு டி8 ரியூப் 36 வோட்ஸ்தான், அந்த ஆழத்தில் அடிமட்டத்துக்கு வெளிச்சம் போதாது. பவளத்துக்குள் இருந்து அதற்கு உணவு தயாரிக்கும் பாசி நீல ஒளியை நன்றாகப் பிடிக்கும். நீலம் குறைந்த இந்த வெள்ளையில் பவளம் உயிரோடு இருந்தாலும் மண்ணிறமாகத்தான் தெரியும்.

டி5 ஹை அவுட்புட் (மெல்லியதாக, கூடுதல் ஒளி தரும் ரியூப்), 54 வோட்ஸ், நாலு வாங்குங்கள். நீலம் இரண்டு, 420 நனோமீற்றர் அக்டினிக் (கருநீல ஒளி) ஒன்று, 10,000 கெல்வின் வெள்ளை ஒன்று. மென்பவளத்துக்கு இது தாராளம். கிளைவிடும் கல்பவளம் என்றால் குறைந்தது ஆறு ரியூப் வேண்டும். ஒவ்வொரு ரியூபுக்கும் தனி வளைந்த ரிஃப்ளெக்டர் போடுங்கள். ஒரே தட்டையான தகடு என்றால் மேலே போகிற ஒளியில் பெரும்பகுதி வீண்.

பலர் ஏமாறுவது சோக்கில். 28 வோட்ஸ் டி5 ரியூபுக்கும் 54 வோட்ஸ் ரியூபுக்கும் நீளமும் ஒன்று, பின்னும் ஒன்று. 54 ரியூபை 28க்கான சோக்கில் மாட்டினால் மங்கலாக எரியும். மாற்றி மாட்டினால் கொஞ்சநாள் பளிச்சென்று எரிந்து நுனி கறுத்துப்போகும். சோக்கில் அச்சிட்டிருக்கும் வோட்ஸை வாசிக்காமல் காசு கொடுக்காதீர்கள். ஊதா நிற ரியூபுக்குப் 'பவள லைட்' என்று பெயர் வைத்து மூன்று மடங்கு விலை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்; அது மீனின் சிவப்பைத் தூக்கிக்காட்டுவதற்கானது.

லைட்டைத் தண்ணீருக்கு மேல் 15 சென்ரிமீற்றரில் தொங்கவிடுங்கள். ரைமரில் நாலும் 8 மணித்தியாலம், நீலம் இரண்டும் முன்னும் பின்னும் ஒவ்வொரு மணித்தியாலம் கூடுதலாக. மாதம் 60 யூனிட் அளவில் கரண்ட் போகும், பிறகு என்னைத் திட்டக்கூடாது.

தண்ணீர் 27 பாகைக்குள் இருந்தால் நல்லது, 30ஐத் தாண்டி நின்றால் பவளம் வெளுக்கும். நீர்மட்டத்தின் மேல் படும்படி சின்ன பான் வையுங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் காற்று காய்ந்திருப்பதால் ஆவியாகி நன்றாகக் குளிரும். மாரியில் அவ்வளவு பலன் இராது. குறையும் அளவுக்கு ஆர்ஓ வடிகட்டியில் வந்த நல்ல தண்ணீர்தான் ஊற்றவேண்டும். நிலாவெளியில் அள்ளிய கடல்நீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும், ஏனென்றால் ஆவியாவது தண்ணீர் மட்டும். பான் காற்றை நேரே ரியூபில் அடிக்கவிடாதீர்கள், டி5 சுமார் 35 பாகைச் சூழலில்தான் முழு ஒளி தரும்.

பத்துப் பன்னிரண்டு மாதத்தில், எரிந்துகொண்டிருந்தாலும் மாற்றுங்கள். கண்ணுக்குத் தெரியாமலே ஒளி குறைந்திருக்கும். நாலையும் ஒரே நாளில் மாற்றினால் பவளம் சுட்டுப்போகும். இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள். உள்ளே பாதரசம் இருப்பதால் பழையதை உடைக்கவேண்டாம்.

"எல்ஈடி காலத்தில் ரியூபா" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: நிழல் விழாமல் பரவுவதில் ரியூபுக்கு இன்னும் மதிப்புண்டு. ஆனால் பாதரசப் பாவனையைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா சர்வதேச உடன்படிக்கைப்படி பொதுப் பாவனை ரியூப்கள் 2027க்குள் நிறுத்தப்படுகின்றன, மற்றவையும் அரிதாகலாம். ஆகவே வாங்கும்போதே இன்னொரு செற் சேர்த்து வாங்குங்கள்.

பவளம் எங்கே எடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும்: நிலாவெளிக் கடலில் இருக்கும் புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே மட்டுமல்ல, இலங்கைக் கடலில் எங்கே உயிர்ப் பவளத்தைப் பெயர்த்தாலும் குற்றம்.