கிக்கைத் தொடாதீர்கள்: டிரம் லூப் பற்றிக் கேள்வி பதில்

காரைக்குடியில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறேன். முளைப்பாரிப் பாட்டு, காவடிப் பாட்டு, கல்யாண வீடியோவுக்குப் பின்னணி என்று வருகிற வேலையெல்லாம் செய்வேன். திரும்பத் திரும்ப ஓடவிடும் தாளத் துண்டுதான் லூப். 'லூப் சப்பென்று இருக்கிறது' என்று வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

தேவகோட்டையிலிருந்து: அண்ணே, 100 பிபிஎம்மில் ஒரு டிரம் லூப் வாங்கினேன். தாளம் பிசகவில்லை, ஆனால் கடிகாரம் மாதிரி ஓடுகிறது. ஸ்விங் போட்டால் எது நகர்கிறது?

பதில்: தம்பி, 100 பிபிஎம் என்றால் நிமிடத்துக்கு நூறு அடி, ஒரு அடி 600 மில்லிசெகண்ட். நாலாகப் பிரித்தால் தட்டுக்குத் தட்டு 150. உங்கள் லூப்பில் எல்லாமே அச்சில் வார்த்த மாதிரி அந்த 150-தான். ஸ்விங் அவற்றை ஜோடி ஜோடியாக எடுத்துக்கொண்டு, இரண்டாவது தட்டை மட்டும் பின்னால் தள்ளும். ஸ்விங் எண் 50 என்றால் இரண்டாவது தட்டு ஜோடியின் நட்டநடுவில், அதாவது நேராக விழும். 54 வைத்தால் 12 மில்லிசெகண்ட் பிந்தும், 58 வைத்தால் 24. 66-ஐத் தாண்டும்போது 50 ஆகி, அடியை மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடைக்கே போய்விடும். முதல் தட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் அடியில் நேராக விழும் கிக்கை, அதாவது பெரிய டிரம்மைத் தொடாதீர்கள், நடுவில் வரும் ஹைஹேட்டை, அதாவது ஜோடிச் சிம்பலைப் பிடியுங்கள்.

அப்பத்தா வீட்டில் ஒரே உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி இடிப்பார்கள். முதல் உலக்கை மேலே ஏறி வழிவிட்ட பிறகுதான் அடுத்தது இறங்கும். அந்த இரண்டாவது இடி நட்டநடுவில் விழாது, ஒரு இழை பிந்தி விழும். சத்தமும் கொஞ்சம் அடங்கியிருக்கும். ஆகவே தள்ளிய தட்டின் வெலாசிட்டியையும், அதாவது அழுத்தத்தையும் இறக்குங்கள். முதல் தட்டு 100 என்றால் இதை 70 பக்கம் வைத்துக் கேட்டுப் பாருங்கள். பலர் நேரத்தை மட்டும் நகர்த்திவிட்டு, இன்னும் உயிர் வரவில்லையே என்று ஸ்விங்கைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள்.

காரைக்குடியிலிருந்து: எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளில் ஸ்விங்கைக் கடைசிவரை தள்ளினாலும் லூப் அசையமாட்டேன் என்கிறது.

பதில்: அசையாதுதான். அந்த ஸ்விங் சேனல் ரேக்கில் கட்டம் கட்டமாக நீங்கள் போடும் ஸ்டெப்களுக்கு. பிளேலிஸ்ட்டில் கிடக்கும் ஆடியோ லூப் அதன் பேச்சைக் கேட்காது. லூப்பை அதிலேயே இருக்கும் ஸ்லைசெக்ஸ் என்ற வெட்டும் கருவியில் போடுங்கள். ஒவ்வொரு தட்டும் தனித் துண்டாகி, நோட்டுகளைத் திருத்தும் பியானோ ரோல் திரையில் நோட்டாக வந்து உட்காரும். அப்புறம் எதை வேண்டுமானாலும் இழுக்கலாம்.

பள்ளத்தூரிலிருந்து: என்னிடம் ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்தும் மென்பொருள் மட்டும்தான். கையால் வெட்டி நகர்த்தினேன். வெட்டிய இடத்திலெல்லாம் 'டிக்' என்று கேட்கிறது.

பதில்: ஒலி அலை நடுக்கோட்டில் இல்லாமல் மேலேயோ கீழேயோ இருக்கும்போது வெட்டினால் டிக் வரும். ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் 2, 3 மில்லிசெகண்ட் ஃபேட் கொடுங்கள், அதாவது சத்தம் மெல்ல ஏறி மெல்ல இறங்கட்டும். தட்டின் முகப்பில் அதற்கு மேல் கொடுத்தால் அடி மழுங்கிவிடும்.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. தட்டைப் பின்னால் தள்ளியதும் அதற்கு முன்னே ஒரு ஓட்டை விழும். முந்தைய துண்டின் வாலைக் கொஞ்சம் நீட்டியோ, மெலிசாக ரிவெர்ப் என்ற எதிரொலி போட்டோ அடையுங்கள். சிம்பல் இழுத்துக்கொண்டே இருக்கிற லூப் என்றால் வெட்டுவதே வீண். லூப்பின் கீச்சுச் சத்தத்தை ஃபில்டரில் குறைத்துவிட்டு, மேலே ஸ்விங் போட்ட ஷேக்கர் (கிலுகிலுப்பை மாதிரி) ஒன்றை ஓடவிடுங்கள். காது ஷேக்கரோடு போய்விடும். நான் பாதி வேலைகளை இப்படித்தான் ஒப்பேற்றுகிறேன்.

குன்றக்குடியிலிருந்து: காவடிச்சிந்து மெட்டுக்கு லூப் செய்கிறேன். ஸ்விங் போட்டால் நொண்டுகிறது.

பதில்: அது ஏற்கனவே திஸ்ரம், அடிக்கு மூன்று. ஸ்விங் இரண்டிரண்டாகத்தான் எண்ணும், பிறகு நொண்டாமல் என்ன செய்யும்? ஸ்விங்கை அணைத்துவிட்டு, தட்டுகள் உட்காரும் கோடுகளான கிரிட்டை டிரிப்லெட்டுக்கு, அதாவது அடிக்கு மூன்றாக மாற்றுங்கள். மூன்றில் எதை அழுத்துவது, எதை அடக்குவது என்பதில் மட்டும் கை வையுங்கள்.

கண்டனூரிலிருந்து: நண்பர் 58 என்கிறார். என் கம்ப்யூட்டரில் 58 வைத்தால் ஒரே ஆட்டமாக இருக்கிறதே?

பதில்: அளவுகோல் வேறு. ரோஜர் லின் 1980-இல் விட்ட எல்எம்-1 டிரம் மெஷினிலும், அவர் அக்காய் கம்பெனிக்காக வடிவமைத்து 1988-இல் வந்த எம்பிசி60-இலும் 50 என்றால் நேர்த் தாளம். சில மென்பொருள்களில் 0-தான் நேர். நண்பருடையது எந்தக் கணக்கு என்று முதலில் கேளுங்கள்.

திருப்பத்தூரிலிருந்து: ஹியூமனைஸ் பொத்தான் போதாதா?

பதில்: போதாது. அது குருட்டாம்போக்கில் முன்னேயும் பின்னேயும் தள்ளும். மனிதக் கை பிந்துகிற இடத்தில்தான் திரும்பத் திரும்பப் பிந்தும்.

புதுவயலிலிருந்து ஓர் அக்கா: எங்கள் ஊர்க் கும்மித் தட்டின் ஆட்டத்தை அப்படியே லூப்புக்கு ஏற்ற முடியுமா?

பதில்: தாராளமாக, அக்கா. ஏபிள்டன் லைவ் என்ற மென்பொருளில் அந்தப் பதிவின் மேல் ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்ட்ராக்ட் க்ரூவ்' கொடுத்தால், தட்டுகள் விழுந்த நேரத்தையும் அழுத்தத்தையும் தனியே எடுத்து க்ரூவ் பூல் என்ற பட்டியலில் வைக்கும். அந்த ஆட்டத்தைத்தான் க்ரூவ் என்கிறோம். அந்த க்ரூவை லூப்பின் மேல் இழுத்துப் போடுங்கள். டைமிங்கை 60 பக்கம் வைத்துத் தொடங்கலாம், ரேண்டம் 0-வே இருக்கட்டும்.

பதிவு செய்யும் இடம் முக்கியம். வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) வைத்து எடுத்தால் சுவரிலும் தூணிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியையும் மென்பொருள் தட்டாக எண்ணிவிடும். மைக்கைக் கைக்கு அருகே கொண்டுபோங்கள், இரண்டு ஜமுக்காளமாவது தொங்கவிடுங்கள்.

கும்மியையும் பாட்டில் சேர்க்கிறீர்கள் என்றால் லூப்பும் அதே க்ரூவில்தான் ஓட வேண்டும். ஒரு கோயில் பாட்டில் நான் லூப்புக்கு மட்டும் 62 போட்டுவிட்டேன். தவில்காரர் நேராக வாசித்திருந்தார். ஒவ்வொரு நடுத் தட்டும் 'டடக்' என்று இரண்டாகக் கேட்டது. அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "தம்பி, இதில் யார் குடித்திருக்கிறது, நானா உன் பெட்டியா?" என்றார்.