எந்தக் கீமோ மருந்து கேட்கும் என்று முன்பே சொல்ல முடியுமா?

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது. பொகவந்தலாவையில் தோட்ட வேலை. மார்பகப் புற்றுநோய்க்கு, சத்திரசிகிச்சைக்கு முன்பே கண்டியில் இரண்டு தடவை கீமோ ஏற்றிவிட்டார்கள். பக்கத்து லயத்து அக்காவுக்கும் இதே நோய், கட்டி மளமளவென்று கரைந்தது. அம்மாவுக்கு அப்படித் தெரியவில்லை, முடியும் அவ்வளவாகக் கொட்டவில்லை. கட்டியை வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் எந்த மருந்து கேட்கும் என்று சொல்வார்களாம். கடன் வாங்கியாவது செய்யவா?

பதில்: கடன் வாங்காதீர்கள், மகள். முடி கொட்டுவதற்கும் கட்டி கரைவதற்கும் சம்பந்தமில்லை, அதை வைத்துக் கவலைப்பட வேண்டாம்.

அந்த அக்காவுக்கும் அம்மாவுக்கும் நோயின் பெயர்தான் ஒன்று. பயொப்சி (கட்டியில் சிறு துண்டு எடுத்துச் செய்யும் சோதனை) ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பீ.ஆர். (ஹோர்மோனைப் பிடிக்கும் ஏற்பிகள்), ஹெர்-2 (கட்டியை வளரத் தூண்டும் ஒரு புரதம்) என்று மூன்று விஷயம் எழுதியிருக்கும். மூன்றும் நெகட்டிவ் என்றால் கட்டி பெரும்பாலும் கீமோவுக்குச் சீக்கிரம் சுருங்கும். ஹெர்-2 பொசிட்டிவாக இருந்து, அதற்கான ட்ரஸ்டுசுமாப் மருந்தும் சேர்ந்தால் அப்படித்தான். ஈ.ஆர். பொசிட்டிவ் கட்டி மெதுவாகத்தான் அசையும். ஆனால் அதற்குப் பிறகு வருடக்கணக்கில் குடிக்கிற ஹோர்மோன் மாத்திரை இருக்கிறது, அது பெரிய பலம்.

நீங்கள் கேள்விப்பட்டது, கட்டியின் உயிரணுக்களைக் கிண்ணத்தில் வளர்த்து மருந்து ஊற்றிப் பார்க்கும் முறை. 2018-இல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் பரவிய குடல், இரைப்பைப் புற்றுநோய்களில் இதைச் செய்தார்கள். கிண்ணத்தில் கேட்காத மருந்து நோயாளிக்கும் கேட்கவில்லை. நல்ல தொடக்கம்தான், ஆனால் சிறிய ஆய்வு. மார்பகப் புற்றுநோய்க்கு அடிக்கடி ஏற்றும் சைக்ளோபொஸ்பமைட் ஈரலில் மாறிய பிறகுதான் வேலை செய்யும். கிண்ணத்தில் ஈரல் ஏது? அதோடு, பயொப்சித் துண்டை வழக்கமாகப் போர்மலினில் போட்டு மெழுகில் பதித்துவிடுவார்கள். அதில் உயிருள்ள அணு இருக்காது, வளர்க்கவே முடியாது.

அம்மாவுக்கு இப்போது நடப்பதே நம்பகமான சோதனை. கட்டி உடம்பில் இருக்கும்போதே மருந்து ஏற்றுவதால் அது கேட்கிறதா என்று நேராகப் பார்க்கலாம். முதல் ஊசிக்கு முன் கட்டி எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு, அடுத்த ஸ்கேன் எப்போது என்று அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். வீட்டில் தொட்டுப் பார்த்துக் கணிப்பது சரிவராது. கட்டி வளர்ந்தால் மருந்தை மாற்றுவார்கள், அல்லது சத்திரசிகிச்சையை முன்னுக்குக் கொண்டுவருவார்கள். பஸ் பிரயாணம் கஷ்டம்தான், இருந்தாலும் கீமோ நாளைத் தவறவிட வேண்டாம்.

இன்னொன்று. காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் கண்டி கிளினிக் நாள்வரை பொறுக்காமல், இரவானாலும் உடனே டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய், கீமோ ஏற்றுகிறவர் என்று முதலிலேயே சொல்லுங்கள்.